காரணமில்லாத அழைப்பு

அலுவலகத்தில் எனக்கு ‘அரை மார்க்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் பதினெட்டு வருடத்தில் அது முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. முழு மதிப்பெண் போட எனக்குக் கை வராது. எல்லாம் சரியாக இருந்தாலும், தலையணை உறையில் ஒரு தையல் பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்து அரை மார்க்கைக் கழித்துவிட்டுத்தான் பேனாவை மூடுவேன்.

இனி வைத்தியம் பலிக்காது என்று டாக்டர்கள் கையை விரித்த பிறகு, மிச்ச நாளையாவது வலியில்லாமல் கழிக்கட்டும் என்று நோயாளிகளைச் சேர்க்கும் இல்லங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மதிப்பெண் போடுவதுதான் என் வேலை. படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விகள். மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு உண்டா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா, வறண்ட உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றுகிறார்களா, இப்படி. படிவத்தில் இல்லாத பரீட்சைகளும் என்னிடம் உண்டு. காலையில் நுழைந்ததும் ஏதாவது ஒரு கட்டிலுக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட்டைப் போட்டுவிடுவேன். சாயங்காலம் குனிந்து பார்க்கும்போது அது அங்கேயே கிடந்தால், ‘தினமும் மூன்று வேளை தரை துடைக்கிறோம்’ என்ற பேச்சு என்னிடம் எடுபடாது. நோயாளிகளின் கால் நகத்தையும் பார்ப்பேன். கை நகத்தை யாரும் வெட்டிவிடுவார்கள். போர்வைக்குள் இருக்கும் கால் நகத்தை வெட்டிவிடுகிறவர்கள்தான் நிஜமாகவே பார்த்துக்கொள்கிறவர்கள்.

நாற்பத்தோராவது கேள்வி மட்டும் நானே சேர்த்தது. ஒவ்வொரு கட்டிலிலும் தலையணையோடு சேர்த்து ஒரு பெல் குத்தியிருக்கும். அதை அழுத்தினால் நர்ஸ்கள் அறையில் விளக்கு எரியும். நர்ஸ் வந்து அதை அணைத்துவிட்டு, எத்தனை மணிக்கு அழைத்தார், எத்தனை நேரத்தில் வந்தோம், என்ன காரணம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். வலி, மூச்சுத்திணறல், தாகம், கழிவறை, படுக்கையில் மாற்றிப் படுப்பது, இவைதான் காரணங்கள். ஐந்தில் எதுவும் இல்லை என்றால் ‘காரணமில்லாத அழைப்பு’. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் ஒரு நர்ஸ் எழுந்து நின்று அழுதாள். ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டவரிடம் அவள் ஓடியிருந்த நேரத்தில், பக்கத்து அறையில் ஒருவர் மூச்சுக்குத் தவித்தே போய்விட்டாராம். அவள் அழுதது நியாயம்தான். அதனால் காரணமில்லாத அழைப்புகளை எண்ணுவோம், எங்கே குறைவோ அங்கே மதிப்பெண் அதிகம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் போன பிறகு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். பதினொரு வருடமாக ஒரே வீடு, ஒரே டீவி, ஒரே சண்டை. அவளுக்கு ஃபேன் ஐந்தில் சுற்ற வேண்டும், எனக்கு இரண்டில். நான் தூங்கியதும் எழுந்துபோய் ஐந்தில் வைப்பாள். காலையில் நான் தும்மிக்கொண்டே எழுந்தால், ஒன்றும் தெரியாதவள் போல இஞ்சி தட்டிக்கொண்டிருப்பாள்.

ஈரலில் வந்த கட்டி மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது, இரண்டு மாதம் போனால் அதிகம் என்று டாக்டர் சொன்னபோது, மழை வருமா வராதா என்று கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது டாக்ஸியில்தான் வாயைத் திறந்தாள்.

“எங்க வேணா சேத்து விடு. வசதி எல்லாம் எனக்கு ஒண்ணும் வேண்டாம். சாகறப்போ பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். அது போதும்.”

“நான் இருப்பேன்க்கா.”

“நீ எங்கடி இருப்ப? எவன் கட்டிலுக்கு அடியிலயாவது குனிஞ்சு பஸ் டிக்கெட் தேடிட்டு இருப்ப.”

இருவரும் சிரித்தோம். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பிறகு அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தனியாக மட்டும் விட்டுவிடாதே என்றாள். விடமாட்டேன் என்றேன். வீடு வரும்வரை பிடித்த கையை எடுக்கவில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நாள் சீக்கிரமே வந்தது. வலிக்கான ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டது, அவளைத் தூக்க என் முதுகு ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் இரண்டு இல்லங்கள். பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்கு நூற்றுக்கு எண்பத்தொன்று போட்டிருந்தேன். சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கும், காலையிலிருந்து சாயங்காலம்வரை சைக்கிள் கடை மாதிரி மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் முந்நூறுக்கு மேல் காரணமில்லாத அழைப்பு. நர்ஸ் வந்து சேர நாலு நிமிடம். மேட்டில் இருக்கும் இல்லத்துக்குத் தொண்ணூற்றேழரை. மாதத்துக்கு ஒன்பதே ஒன்பது காரணமில்லாத அழைப்பு. ஐம்பது விநாடியில் ஆள் வந்து நிற்கும். ஒரு ஜன்னல் கிறீச்சிட்டதற்குத்தான் அரை மார்க் கழித்திருந்தேன், மீதியும் அந்த மாதிரி சில்லறைதான். ஊருக்கெல்லாம் இல்லம் காட்டிய எனக்கு என் அக்காவுக்கு ஒன்றைக் காட்டத் தெரியாதா? அரைமணி நேரம்கூட யோசிக்கவில்லை.

மேட்டு இல்லத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவ்வளவு சுத்தம். அவ்வளவு மரியாதை. பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் தலைமை நர்ஸ், அக்காவின் கட்டில் உயரத்தைத் தானே சரிசெய்தார். சின்ன சிஸ்டருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அவள் பெல்லைத் தலையணையில் குத்திவிட்டு, எது வேண்டுமானாலும் அழுத்துங்கள், ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுவோம், தேவையில்லாமல் மட்டும் அழுத்த வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அது எல்லா நோயாளிகளுக்கும் சொல்வது. என் கேள்விக்காகச் சொல்வது என்று எனக்குத் தெரியும். நல்ல பயிற்சி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

என் அக்கா அங்கே இருந்ததால் அந்த இல்லத்தை அலுவலகம் என்னிடமிருந்து எடுத்து, ‘கண்ணாடி’ என்று நாங்கள் கூப்பிடும் சக அதிகாரியிடம் கொடுத்தது. நான் பகலில் வேலையைப் பார்த்துவிட்டு, தினமும் ஐந்தரைக்கு அக்காவிடம் போய் எட்டுவரை இருப்பேன். முதல் வாரத்தில் அவளுக்குப் பேசத் தெம்பு இருந்தது. எக்ஸ்சேஞ்ச் கதைகளாகச் சொன்னாள். ஒரு மனிதர் தினமும் காலை பத்தேகாலுக்கு ஆபரேட்டரைக் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்பாராம்.

“அவரு கேக்கறப்பவே பின்னாடி சுவர்க் கடிகாரம் டிக் டிக்னு ஓடறது எனக்குக் கேக்கும். நான் மணி சொல்லுவேன். ‘நன்றிம்மா’ன்னு வச்சிடுவாரு. ஏழு வருஷம். சூப்பர்வைசர் ஒருநாள் லைனை வெட்டச் சொன்னாரு. நான் வெட்டல.”

“கடிகாரத்தை வச்சுக்கிட்டே மணி கேட்டாரா? எங்க படிவத்துல அதுக்குப் பேரு காரணமில்லாத அழைப்பு” என்று நான் சிரித்தேன்.

“அப்படி ஒரு பேரா? யாரு வச்சது?”

“வேற யாரு? நான்தான்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “நல்ல பேருதான்” என்றாள். பிறகு இடுப்பு வலிக்கிறது, கொஞ்சம் திருப்பிவிடு என்றாள். நான் திருப்பிவிட்டேன்.

மாதக் கடைசியில் கண்ணாடியின் அறிக்கை என் மேஜை வழியாகப் போனது. அறிக்கையில் கட்டில் எண்ணோ பெயரோ இருக்காது, மொத்தக் கணக்கு மட்டும்தான். நாற்பத்தோராவது கேள்விக்கு நேராக ‘1’ என்று இருந்தது. இருபத்திரண்டு கட்டில், முப்பது நாள், ஒரே ஒரு காரணமில்லாத அழைப்பு. அந்தக் கேள்வி வந்த ஆறு வருடத்தில் நான் பார்த்திராத எண். பக்கத்தில் கண்ணாடி ‘மிகவும் பாராட்டத்தக்கது’ என்று எழுதியிருந்தார். பரீட்சையில் தேறிய பிள்ளையின் தாய்போல அன்று சாயங்காலம் அக்காவிடம் ஓடினேன்.

“உங்க இல்லம்தான்க்கா இந்தத் தடவை முதல் இடம். மொத்த மாசத்துக்கும் ஒரே ஒருத்தர்தான் சும்மா பெல் அடிச்சிருக்காங்க.”

அக்கா அதற்குள் மிகவும் மெலிந்திருந்தாள். சிரித்தால் பல் மட்டும்தான் தெரிந்தது. “யாரு அந்த மகராசி?” என்றாள்.

“யாருக்குத் தெரியும்.”

“பாவம். இனிமே அடிக்க மாட்டா” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். களைத்துவிட்டாள் என்று நினைத்து, ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். அவளுக்கு உணவு இறங்குவது நின்றது. ஸ்பூனால் ஜூஸ் மட்டும். எப்படியும் இன்னும் பத்து நாள் இருக்கும் என்று இல்லத்து டாக்டர் சொன்னார். வியாழக்கிழமையிலிருந்து ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். இரவும் அங்கேயே நாற்காலியில் இருந்துகொள்ளலாம் என்று பெரிய சிஸ்டரிடம் அனுமதியும் வாங்கியாயிற்று. நடுவில் செவ்வாய், புதன் இரண்டு நாள்தான். செவ்வாய்க்கிழமை பாலத்து இல்லத்தில் எனக்கு வருடாந்தர மதிப்பீடு இருந்தது. அதை முடித்துவிட்டால் மனசு நிம்மதியாக இருக்கும் என்று போனேன்.

அங்கே எதுவும் மாறவில்லை. அதே உரிந்த பெயிண்ட், அதே மணிச் சத்தம். ஏழாம் கட்டிலில் ஒரு பழைய லாரி டிரைவர் இருந்தார். மதியத்துக்குள் பதினொரு முறை பெல் அடித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் யாராவது போய், ஒன்றும் இல்லை என்று தெரிந்து திரும்பினார்கள். நான் ஸ்டாப்வாட்சும் கையுமாகப் பதினொரு பெருக்கல் குறி போட்டேன். பன்னிரண்டாவது முறை நர்ஸ் யாரும் இல்லை. சமையல்காரம்மா பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

“ஒண்ணுமில்ல. யாராவது இருக்கீங்களான்னு பாத்தேன்” என்றார் டிரைவர்.

“இருக்கோம்” என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பீன்ஸை நார் உரிக்க ஆரம்பித்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். அவள் எழுந்து வரவில்லை.

பதிவேட்டில் என்ன காரணம் எழுதுவீர்கள் என்று நான் மெல்லிய குரலில் கேட்டேன். கேள்வி என்னவோ அதிகாரத் தோரணையில்தான் வந்தது. அவள் பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

“அவருக்குப் பயமா இருக்கும்மா. அது உங்க லிஸ்ட்ல இல்லையா?”

இல்லை. லிஸ்டில் இல்லை. வலி உண்டு, தாகம் உண்டு, பயம் இல்லை. ஆறு வருடமாக நூற்றுக்கணக்கான படிவங்களில் அந்த லிஸ்டைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றவில்லை. பேனாவை எடுத்துப் பன்னிரண்டாவது குறியைப் போடப் போனேன், கை போகவில்லை. அப்படியே நின்றபோதுதான் கைப்பையில் போன் அடித்தது. மேட்டு இல்லத்து எண். மணி இரண்டு ஐம்பது.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. அக்காவுக்கு விரிப்பு மாற்றி, தலைசீவி, கைகளை வயிற்றின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு சுத்தம். வேறு யார் அக்காவாக இருந்திருந்தாலும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். சின்ன சிஸ்டர் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தபோது நன்றாகத்தான் இருந்தாராம், அவள் கையைக்கூடத் தட்டிக் கொடுத்தாராம். இரண்டு நாற்பதுக்கு ஜூஸ் எடுத்துக்கொண்டு வந்தபோது முடிந்திருந்தது.

“பெல் கையிலதாம்மா இருந்துச்சு. கெட்டியாப் பிடிச்சிருந்தாங்க. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம். அழுத்தியிருந்தா ஒரு நிமிஷத்துல வந்திருப்பேம்மா. ஏன் அழுத்தலன்னு தெரியலயே.”

வந்திருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளைத் தட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, என்னால் முடியவில்லை.

டாக்டர் சான்றிதழ் எழுத உட்கார்ந்தார். பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டு, இறந்த நேரம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். இரண்டிலிருந்து இரண்டு நாற்பதுக்குள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. பெரிய சிஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல், இரண்டு நாற்பது என்றே போட்டுவிடலாமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் நேரம் தெரிந்திருக்கும். அவள் கேட்டது அந்த ஒரே ஒரு ஆளைத்தான்.

காகிதங்கள் தயாராகும்வரை நர்ஸ்கள் அறையில் உட்காரச் சொன்னார்கள். எதிரே மேஜையில் அழைப்புப் பதிவேடு இருந்தது. பழக்கதோஷம், இழுத்துப் பிரித்தேன். அந்த ஒருத்தி யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. ஒருவேளை ‘இனிமே அடிக்க மாட்டா’ என்ற அந்தக் குரல் அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்திருக்கலாம். போன மாதத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வலி, வலி, தாகம், கழிவறை, வலி. ஒன்பதாம் தேதியில் அது இருந்தது. சின்ன சிஸ்டரின் குண்டு குண்டான கையெழுத்து.

கட்டில் பதினான்கு. அழைத்த நேரம் காலை 10.15. வந்த நேரம் நாற்பது விநாடி. காரணம்: மணி என்ன என்று கேட்டார். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருப்பது எடுத்துச் சொல்லப்பட்டது. காரணமில்லாத அழைப்பு.

பதினான்கு என் அக்காவின் கட்டில். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கட்டிலிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. வலிக்குக்கூட இல்லை.

சின்ன சிஸ்டரைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன். அவள் பயந்துவிட்டாள். “கோவமா சொல்லலம்மா. கடிகாரம் எதிர்லயே இருக்கு பாருங்கன்னுதான் சொன்னேன். ‘அட ஆமா, கவனிக்கல’ன்னு சிரிச்சாங்க” என்றாள். நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய் என்றேன். அதுதான் உண்மை. எனக்கு அந்தப் பெண்மேல் கோபப்பட ஒரு அரை மார்க் அளவு இடம்கூடக் கிடைக்கவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது என்பார்கள். பல்லி விழுந்திருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. என் அக்கா விழுந்தாள். நான் பெயர் வைத்தேன், அவள் அதைத் தெரிந்துகொண்டாள், ஒரு முறை அழைத்துப் பார்த்தாள், பிறகு தங்கை பார்த்துச் சேர்த்த இல்லத்துக்கு மார்க் குறையக்கூடாது என்று பெல்லைக் கையில் பிடித்துக்கொண்டே கிடந்தாள். அவளை நான்தான் தனியாக விட்டேன்.

பதினான்காம் கட்டிலுக்குத் திரும்பிப் போனேன். பெல்லை யாரோ எடுத்து, பழையபடி தலையணையில் ஒழுங்காகக் குத்தி வைத்திருந்தார்கள். நாற்காலியை இழுத்து அவள் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து என் மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கடிகாரம், படுத்துக்கொண்டே பார்த்தாலும் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தார்கள். அதற்கும் நான் ஒரு வருடம் முழு மார்க் போட்டிருக்கிறேன்.

“மணி மூணு அம்பதுக்கா” என்றேன்.

நாலு ஆனபோது மறுபடியும் சொன்னேன்.